கட்டியும் அதுதான்; கழுத்தும் அதுதான்!

இங்கிலீஷில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. மூன்றே எழுத்து. "நப்" என்பது அந்தச் சொல்.

தமிழில் இப்படித்தான் எழுத முடியும். ஆனால் சொல்லும்போது கடைசி எழுத்தை அழுத்தக் கூடாது. "கம்பு" என்கிறோமே, அதில் வரும் மெல்லிய ஒலிதான் இங்கேயும் வர வேண்டும்.

அகராதியைப் புரட்டினால் இதற்கு இரண்டு பொருள் போட்டிருப்பார்கள். ஒன்று, கட்டி. அதாவது முண்டு, முடிச்சு, குமிழ். இன்னொன்று, சாரம். ஒரு பேச்சின் சாரம். ஒரு வழக்கின் சாரம். ஒரு கதையின் கரு.

கட்டி எங்கே, கருத்து எங்கே? கட்டியைக் கையால் தொடலாம். கருத்தைத் தொட முடியுமா? இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன?

அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஒரு காலத்தில் இதே சொல்லுக்குக் கழுத்து என்றும் பொருள் இருந்தது. தூக்கில் போடுவது என்றும் பொருள் இருந்தது! இன்றைக்கு வயிற்றில் இருக்கும் குழந்தையின் படத்தைப் பார்க்கும் இடத்திலும் இந்தச் சொல் வருகிறது.

இது எப்படி என்று பார்ப்போம்.

விழுந்துபோன எழுத்து

நப் என்பதன் பழைய வடிவம் "க்னப்". வட ஜெர்மனிப் பக்கத்தில் முன்பு பேசிய மொழியில் "க்னுப்பே", "க்னொப்பே" என்ற சொற்கள் இருந்தன. மரத்தில் புடைத்து நிற்கும் முண்டுக்கு அந்தப் பெயர். கதவைத் திறக்கப் பிடிக்கும் குமிழை இங்கிலீஷில் "நாப்" என்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அந்த "க்" எங்கே போயிற்று?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திண்டாட வைக்கும் விஷயம் இது. கத்திக்கு இங்கிலீஷில் "நைஃப்". முழங்காலுக்கு "நீ". முடிச்சுக்கு "நாட்". எழுதும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் "கே" என்று ஓர் எழுத்துப் போட வேண்டும். படிக்கும்போது அதை விட்டுவிட வேண்டும்! "வாயில் வராத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?" என்று பிள்ளை கேட்கிறது. அடி வாங்குகிறது.

பிள்ளை கேட்டதில் தப்பு இல்லை. பழைய காலத்து இங்கிலீஷ்காரர்கள் அந்த ஒலியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 17-ம் நூற்றாண்டையொட்டி அது பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்றும் முழங்காலை "க்னீ" என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலீஷில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் காலி வீட்டில் பூட்டுத் தொங்குவது போலத் தொங்குகிறது. நப் என்ற சொல்லில் பூட்டையும் கழற்றிவிட்டார்கள். அதனால் இதை எழுதும் பிள்ளைக்குத் தொல்லை இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விரல் முட்டிக்கு "நக்கிள்" என்று பெயர். சிறு மேட்டுக்கு "நோல்". மாவைப் பிசைந்து திரட்டுவது "நீட்". இவற்றுக்கும் முன்னால் அந்த ஊமை எழுத்து நிற்கிறது. எல்லாம் திரண்டு உருண்டு நிற்கிற சங்கதிகளாகவே இருக்கின்றன பாருங்கள்!

சோளக் கதிரும் கம்பளி நூலும்

அமெரிக்காவுக்குப் போனால் நப் என்ற சொல் "நப்பின்" என்று குட்டி போட்டிருக்கிறது. அங்கே மக்காச்சோளம் முக்கியமான பயிர். மழை சரியாக இல்லாத ஆண்டில் கதிர் முழு நீளத்துக்கு வளராது. மணி சரியாகப் பிடிக்காது. குட்டையாகவும் கோணலாகவும் நின்றுவிடும். அந்தக் கதிருக்குத்தான் நப்பின் என்று பெயர். சந்தைக்குக் கொண்டுபோனால் விலை கிடைக்காது. மாட்டுக்குப் போடுவார்கள். களத்தில் நப்பின் அதிகம் என்றால் அந்த ஆண்டு கடன் அடையாது என்று அர்த்தம்.

ஆண் மான்குட்டிக்கு முதல் ஆண்டில் கொம்பு முளைக்காது. நெற்றியில் இரண்டு சிறு முண்டு மட்டும் தெரியும். அதையும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் நப்பின் என்பார்கள்.

நெசவுக்காரர்களிடம் இந்தச் சொல்லுக்கு நல்ல மரியாதை. நேராகப் போகும் ஒரு நூலின் மேல் இன்னொரு நூலைச் சுற்றி விடுவார்கள். சுற்றும் நூல் ஓர் இடத்தில் நின்று பல சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு நகரும். சுற்றிய இடம் முடிச்சுப் போலத் திரளும். இதற்கு "நப் நூல்" என்று பெயர். அயர்லாந்து நாட்டில் டொனெகல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நெய்யும் கம்பளித் துணியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சிறு சிறு கட்டிகள் பொட்டு வைத்தது போலத் தெரியும். அந்தப் பொட்டுக்காகவே அதை வாங்குகிறார்கள்.

நூலில் கட்டி விழுந்தால் "பழுது" என்று தள்ளுவதுதான் வழக்கம். அங்கே கட்டியை வேண்டுமென்றே போட்டுக் காசு வாங்குகிறார்கள்!

கள்ளர் பேச்சு

இனி கழுத்துக்கு வருவோம்.

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் குரோஸ் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். நல்ல பருமன். பழைய கோட்டைகளையும் கோயில்களையும் தேடிப் போய்ப் படம் வரைவது அவருக்குப் பிடித்த வேலை. இன்னொரு வேலையும் அவருக்குப் பிடித்திருந்தது. இரவு நேரத்தில் லண்டன் நகரத்தின் சாராயக் கடைகளுக்கும் சேரிகளுக்கும் போவார். அங்கே திருடர்களும் முடிச்சுமாறிகளும் படகுக்காரர்களும் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். வீட்டுக்கு வந்து எழுதி வைப்பார்.

1785-ம் ஆண்டில் இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் அகராதியாக வெளியிட்டார். பெரிய மனிதர்கள் வாயில் வராத சொற்களுக்கு ஓர் அகராதி!

அதில் நப் என்ற சொல்லுக்குப் போட்டிருக்கும் பொருள், கழுத்து. "நப்பிங்" என்றால் தூக்கில் போடுவது. "நப்பிங் கோவ்" என்றால் தூக்குப் போடுகிறவன். "நப்பிங் கென்" என்றால் நீதிமன்றம். கள்ளர் பேச்சில் "கோவ்" என்றால் ஆள், "கென்" என்றால் வீடு. கழுத்தை நெரிக்கும் வீடு என்று நீதிமன்றத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள்!

தூக்குமரத்துக்கு "நப்பிங் சீட்" என்று பெயர். "சீட்" என்றால் இன்றைய இங்கிலீஷில் ஏமாற்று. அந்தக் காலத்துக் கள்ளர் பேச்சில் அதற்குச் சாமான் என்று பொருள். கோழியை அவர்கள் கோழி என்று சொல்ல மாட்டார்கள். "கொக்கரிக்கும் சாமான்" என்பார்கள். பன்றிக்கு "உறுமும் சாமான்". மூக்குக்கு "மோப்பச் சாமான்". அந்த வரிசையில் தூக்குமரத்துக்கு "தொங்கவிடும் சாமான்".

பக்கத்தில் காவற்காரன் நின்றாலும் புரியக் கூடாது என்பதற்காக இப்படிப் பேசினார்கள். அது ஒரு காரணம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. இரவில் பாம்பைப் "பாம்பு" என்று சொல்லாதே, "பூச்சி" என்று சொல் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது இல்லையா? பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயம். அந்த லண்டன் திருடர்களுக்கும் ஒரு பாம்பு இருந்தது. அதன் பெயர் தூக்குமரம்.

39 ஷில்லிங்

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் சட்டம் பயங்கரமானது. கொலைக்கு மட்டும் அல்ல, திருட்டுக்கும் தூக்கு. ஒரு கடையில் 5 ஷில்லிங் பெறுமான சாமானை யாருக்கும் தெரியாமல் எடுத்தால் தூக்கு. ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் பெறுமானம் திருடினால் தூக்கு. 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். அதாவது இரண்டு பவுனுக்கு ஓர் உயிர்! 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித் தூக்கில் போடத்தக்க குற்றங்கள் 200-க்கு மேல் இருந்தன.

லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் 1571-ம் ஆண்டில் ஒரு பெரிய தூக்குமரம் நட்டார்கள். மூன்று கால், மேலே மூன்று குறுக்குக் கட்டை. ஒரே தடவையில் 24 பேரைத் தொங்கவிடலாம். தூக்கு நாளில் கடைகளை மூடிவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். தின்பண்டம் விற்பார்கள். திருவிழாக் கூட்டம்! அந்தக் கூட்டத்திலும் ஜேப்படித் திருடர்கள் கை வைத்தார்கள். டைபர்னில் கடைசித் தூக்கு 1783-ல் நடந்தது. அதற்குப் பிறகு சிறை வாசலுக்கு மாற்றினார்கள். ஊர் பார்க்கத் தூக்கில் போடும் வழக்கம் அந்த நாட்டில் 1868-ம் ஆண்டில்தான் நின்றது.

இவ்வளவு கொடிய சட்டத்தை எல்லா ஜூரிகளும் மனம் ஒப்பி ஏற்றுக்கொள்ளவில்லை. ஜூரி என்பவர்கள் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் 12 பேர். கூண்டில் நிற்பவள் ஒரு வேலைக்காரப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஜமானி வீட்டில் துணி திருடிவிட்டாள். துணியின் விலை 40 ஷில்லிங்குக்கு மேல் என்று எல்லாருக்கும் தெரியும். ஜூரிகள் கூடிப் பேசுவார்கள். "குற்றவாளிதான். ஆனால் துணியின் பெறுமானம் 39 ஷில்லிங்" என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஒரு ஷில்லிங் குறைந்தது, கழுத்து தப்பியது!

சட்டப்படி அது பொய். தெரிந்தே சொன்ன பொய். இந்த 39 ஷில்லிங் கணக்கு லண்டன் நீதிமன்றப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. "புண்ணியப் பொய்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

நப் என்ற சொல்லுக்குக் கழுத்து என்ற பொருள் இன்று வழக்கில் இல்லை. பழைய அகராதியில் மட்டும் இருக்கிறது. போனதே நல்லது.

மார்க் ட்வைன் சொன்ன சூட்சுமம்

சாரம் என்ற பொருளுக்கு இப்போது போகலாம். இது எல்லாவற்றிலும் பிந்தி வந்தது. 1830-களில் அமெரிக்காவில் முளைத்தது. "இந்தக் கதையின் நப் என்ன?" என்று அங்கே கேட்கத் தொடங்கினார்கள்.

கட்டி எப்படிக் கருத்து ஆயிற்று? துணியைக் கையால் தடவிக்கொண்டே போனால் வழவழவென்று போகும். ஓர் இடத்தில் விரல் தட்டும். அங்கேதான் முடிச்சு. பேச்சும் அப்படித்தான். ஒருவர் அரை மணி நேரம் பேசுகிறார். எங்கேயோ ஓர் இடத்தில் நம் மனம் தட்டி நிற்கிறது. "ஓகோ, விஷயம் இதுதானா!" என்கிறோம். இப்படித்தான் பொருள் மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தச் சொல்லை மிக அழகாகப் பயன்படுத்தியவர் மார்க் ட்வைன். டாம் சாயர் என்ற குறும்புக்காரப் பையனின் கதையை எழுதியவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவதில் மன்னர். 1895-ம் ஆண்டில், கதை சொல்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். கதையின் நப்பை எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் அதில் விஷயம்.

சிரிப்புக் கதை சொல்கிறவர்களில் இரண்டு வகை உண்டு என்கிறார் அவர். ஒருவகையினர் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே "இது பிரமாதமான கதை" என்பார்கள். சொல்லும்போதே தாங்களே சிரிப்பார்கள். நப் வரும் இடத்தில் கத்துவார்கள். நமக்குப் புரியவில்லையோ என்று இரண்டாம் தடவை சொல்வார்கள். பத்திரிகையில் எழுதினால் அந்த இடத்தைச் சாய்வெழுத்தில் போட்டு ஆச்சரியக்குறியை அடுக்குவார்கள். இப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் கல்யாண வீட்டுத் திண்ணையில் ஒருவராவது இருப்பார்!

இன்னொரு வகையினர் முகத்தைக் கல் போல வைத்துக்கொள்வார்கள். தாம் சொல்வதில் சிரிப்பு இருக்கிறது என்பதே தமக்குத் தெரியாதது போலப் பேசுவார்கள். எங்கெங்கோ சுற்றுவார்கள். நப் வந்ததும் அதை ஒரு சாதாரண விஷயம் போலக் கீழே போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். கேட்பவர் ஒரு விநாடி திகைப்பார். பிறகு சிரிப்பு வெடிக்கும். கலை என்பது இதுதான் என்பது மார்க் ட்வைன் கட்சி.

உதாரணத்துக்கு அவர் ஒரு போர்க்களக் கதையைச் சொல்கிறார். சண்டையில் ஒரு சிப்பாயின் கால் குண்டு பட்டுப் போய்விட்டது. பக்கத்தில் ஓடிய இன்னொரு சிப்பாயிடம் தன்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி கெஞ்சினான். அவனும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியில் இன்னொரு பீரங்கிக் குண்டு வந்து, தோளில் கிடந்தவனின் தலையைக் கொண்டுபோய்விட்டது. தூக்கிக்கொண்டு போனவனுக்கு அது தெரியாது. ஓர் அதிகாரி அவனை நிறுத்தி, பிணத்தை எங்கே தூக்கிப் போகிறாய் என்று கேட்டார். கால் போன ஆளை வைத்தியரிடம் கொண்டுபோவதாக இவன் சொன்னான். காலா, தலை அல்லவா போயிருக்கிறது என்றார் அதிகாரி. இவன் இறக்கி வைத்துப் பார்த்தான். வெகுநேரம் யோசித்தான். கடைசியில் சொன்னான்: ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் கால் என்றுதானே இவன் என்னிடம் சொன்னான்!

இந்த நகைச்சுவை ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்று மார்க் ட்வைனே கேலி செய்கிறார். சட்டென்று சொன்னால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய சிரிப்பும் வராது. ஆனால் ஜேம்ஸ் விட்கோம்ப் ரைலி என்ற கவிஞர் இதைப் பத்து நிமிடம் சொல்வாராம். கதையை அப்போதுதான் முதல் தடவை கேட்ட ஓர் அப்பாவிக் கிழட்டுக் குடியானவன் போல நடிப்பாராம். வேண்டாத விவரங்களை நுழைப்பார். நுழைத்ததை எடுப்பார். விட்டதை நடுவில் ஞாபகம் வந்து சேர்ப்பார். ஒரு சிப்பாயின் பெயர் மறந்துபோய் அதைத் தேடுவார். கடைசியில் பெயர் தேவையே இல்லை என்பார். நப் வருவதற்குள் சபை சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுமாம்.

மார்க் ட்வைன் சொல்லும் இன்னொரு ரகசியம், நப்புக்கு முன்னால் விடும் இடைவெளி. அது ஒரு துளி கூடிவிட்டால், வரப்போவதைச் சபை ஊகித்துவிடும். ஒரு துளி குறைந்துவிட்டால் தைக்காது. பேய்க் கதையில் இது மிக முக்கியம். செத்துப்போனவளின் தங்கக் கையைத் திருடிய ஒருவனின் கதையை அவர் மேடையில் சொல்வார். அவள் ஆவி வந்து என் கை யாரிடம் என்று கேட்கும். அப்போது பயந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை உற்றுப் பார்ப்பார். பேசமாட்டார். மண்டபம் மூச்சு விடாது. திடீரென்று அவளை நோக்கிப் பாய்ந்து, உன்னிடம்தான் என்று கத்துவார்! சரியான விநாடியில் கத்தினால் அந்தப் பெண் வீறிட்டுத் துள்ளுவாளாம்.

கட்டியா, சாறா?

சாரம் என்பதற்கு இங்கிலீஷில் வேறு சொற்களும் உண்டு. "ஜிஸ்ட்" என்பது நீதிமன்றத்திலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அதற்குக் "கிடக்கிறது" என்று பொருள். வழக்கு எந்த ஆதாரத்தின் மேல் கிடக்கிறதோ அது ஜிஸ்ட். "கெர்னல்" என்றால் பருப்பு; உமியை நீக்கினால் உள்ளே இருப்பது. "பித்" என்றால் தண்டின் உள்ளே இருக்கும் சோறு. "க்ரக்ஸ்" என்பது லத்தீன் சொல். அதற்குச் சிலுவை என்று பொருள். நப்பைப் போலவே கொலைக்களத்தைத் தொட்டுவிட்டு வந்த சொல் அது.

தமிழில் சாரம் என்றால் சாறு. "பிழிவு" என்றும் சொல்கிறோம். விஷயத்தைக் கரும்பு போலப் பிழிந்தால் சொட்டுவது எதுவோ, அதுதான் நமக்குச் சாரம். இங்கிலீஷ்காரன் கையில் கட்டி தட்டுகிறதா என்று பார்க்கிறான். நாம் சாறு வருகிறதா என்று பார்க்கிறோம். கதைக்கு மட்டும் நாமும் "முடிச்சு" என்ற சொல்லை வைத்திருக்கிறோம்.

இங்கிலீஷ் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நப்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் பலர் "ரப்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இந்த ரப் ஒரு பிரசித்தமான இடத்தில் வருகிறது. ஆனால் அது வேறு. புல்தரையில் பந்து உருட்டி விளையாடும்போது, பந்தைத் தடுத்துத் திருப்பிவிடும் மேடு பள்ளத்துக்கு ரப் என்று பெயர். ஆகவே ரப் என்றால் இடைஞ்சல். நப் என்றால் சாரம். வேலைக்குப் போகலாம், ஆனால் பஸ் இல்லை என்றால், பஸ் இல்லாதது ரப். பஸ் விடுங்கள் என்று பத்துப் பக்கம் மனு எழுதினால், "பஸ் வேண்டும்" என்பது நப்.

புதிய கட்டிகள்

சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1992-ம் ஆண்டில் ஐபிஎம் கம்பெனி, மடியில் வைத்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் எழுத்துப் பலகை நடுவில் சிவப்பாக ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதை விரலால் அழுத்தித் தள்ளினால் திரையில் அம்பு நகரும். டெட் செல்கர் என்பவர் யோசித்த ஏற்பாடு இது. எழுத்துப் பலகையிலிருந்து கையை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் "மவுஸ்" மேல் வைப்பதற்கு முக்கால் விநாடி ஆகிறது. அந்த நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைத்தார். கம்பெனி அதற்குப் பெரிய பெயர் வைத்தது. ஜனங்கள் நப் என்று கூப்பிட்டார்கள்.

விபத்திலோ போரிலோ கை கால் இழந்தவர்களில் சிலர், மிஞ்சி நிற்கும் பகுதியைத் தாங்களே விளையாட்டாக நப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால் அது சுடும்.

கடைசியாக ஒன்று. தாய்மார்களும் தகப்பன்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டியது.

வயிற்றில் இருக்கும் கரு, முதல் எட்டு ஒன்பது வாரத்தில் ஆணா பெண்ணா என்று வெளித் தோற்றத்தில் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு சிறு மொட்டுத்தான் இருக்கும். போகப் போகத்தான் அது ஆணாகவோ பெண்ணாகவோ உருவம் பெறும். அந்த மொட்டுக்கு வெளிநாட்டுத் தாய்மார்கள் வைத்திருக்கும் பெயர் நப். ஸ்கேன் படத்தில் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்து, பிள்ளையா பெண்ணா என்று பந்தயம் கட்டுகிறார்கள். பதினோராம் வாரத்துப் படத்தை வைத்துச் சொன்னால் பலமுறை தப்பாகப் போகிறது.

அங்கே அது விளையாட்டு. பிறந்த பிறகு தொட்டிலுக்கு நீலத் துணியா, ரோஜா நிறத் துணியா என்பதற்காக.

இங்கே அப்படி இல்லை. இந்தியாவில் 1991-ம் ஆண்டு கணக்குப்படி, ஆறு வயது வரையில் உள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 945 பேர். 2001-ம் ஆண்டில் அது 927 ஆகக் குறைந்தது. பெண் என்று தெரிந்ததும் கருவைக் கலைப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். பிறந்த பெண் குழந்தைகளைக் கொல்லும் கொடுமையும் சில இடங்களில் இருந்தது. "கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்று தமிழ்நாட்டு அரசு 1992-ம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொட்டில் வைத்தது சேலம் மாவட்டத்தில்.

1994-ம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது குற்றம். சொல்லச் சொல்லிக் கேட்பதும் குற்றம். வாயால் சொன்னாலும் குற்றம், கையால் சாடை காட்டினாலும் குற்றம். மூன்று ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. மாமியாரோ கணவரோ கட்டாயப்படுத்தி அழைத்துப்போனால், அந்தப் பெண்ணைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்காது. அழைத்துப்போனவர்களைத்தான் பிடிக்கும்.

ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் இதைப் பலகையில் எழுதிப் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் விதி. இங்கிலீஷில் ஒன்று, அந்த ஊர் மக்கள் படிக்கும் மொழியில் ஒன்று.